ஐரோப்பிய பைக் பயணம்: 12 இரவு, 600 யூரோ. எங்கே படுப்பது?

ஒற்றைச்சிலிண்டர்:

எல்லோருக்கும் வணக்கம். நாலு வருடமாக ஐண்ட்ஹோவனில் வேலை. போன வருடம் ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450 எடுத்தேன். சென்னைக்காரன் சென்னை வண்டியை நெதர்லாந்தில் போய் வாங்கினான் என்று அம்மா இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். இதுவரை பெல்ஜியத்து ஆர்டென் மலைப்பக்கம் இரண்டு வார இறுதி போய்வந்ததோடு சரி.

இந்த செப்டம்பரில் முதல் பெரிய பயணம். ஜெர்மனியின் மோசெல் ஆற்றங்கரை, பிரான்ஸின் வோஜ் மலை, ஜூரா, அப்புறம் ஜெனிவா ஏரிக்கரைத் தோனோன். அங்கே தொடங்கும் ரூட் டெ கிராந்த் ஆல்ப்ஸ் என்ற மலைச்சாலையைப் பிடித்து, கணவாய் கணவாயாக ஏறி இறங்கி, மத்தியதரைக் கடலோரம் மாந்தோன் வரை. திரும்பும்போது இத்தாலி, சுவிஸ், ஜெர்மனியின் கருங்காடு. மொத்தம் 12 இரவு, தனியாள்.

பெட்ரோல் கணக்கு வந்துவிட்டது. சாப்பாட்டுக் கணக்கும் ஒருவழியாக வந்துவிட்டது. படுக்கிற கணக்குத்தான் உதைக்கிறது. அறை பதிவு செய்யும் தளங்களில் தேடினால் 95, 110, 130 என்றே வருகிறது. 12 இரவையும் கூட்டிப் பார்த்தேன்: 1,240 யூரோ. என்னிடம் இருப்பது 600. டென்ட் இருக்கிறது. ஆனால் மழையில் நாலு நாள் தொடர்ந்து டென்டில் கிடக்கிற வயதைத் தாண்டிவிட்டேன் (39). ராத்திரி வண்டி பத்திரமாகவும் நிற்க வேண்டும். நடக்கிற காரியமா இது?

வளைவுநேசன்:

நடக்கும் தம்பி. ஸ்டுட்கார்ட்டில் இருந்துகொண்டு 20 வருடமாக ஆல்ப்ஸைச் சுற்றுகிறேன். வருடத்துக்கு ஒரு தடவையாவது போகாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. மூன்று விஷயம் சொல்கிறேன்.

அந்தத் தளங்கள் காட்டுவது அறைக்கான விலை, அதுவும் இரண்டு பேர் படுக்கிற அறை. ஒற்றை ஆளுக்குப் பத்து யூரோ குறைத்தாலே பெரிய தயவு. ஆனால் ஜெர்மனி, ஆஸ்திரியா கிராமத்து காஸ்ட்ஹோஃப்களில் (சாப்பாடும் அறையும் தருகிற விடுதிகள்) பழைய வழக்கம் வேறு. விலை தலைக்குத்தான். ஐன்ஸெல்ஸிம்மர் என்று மாடி மூலையில் ஒரு சின்ன அறை வைத்திருப்பார்கள். ஒற்றைக் கட்டில், சாய்ந்த கூரை, வேகமாக எழுந்தால் உத்தரத்தில் தலை இடிக்கும். காலை உணவோடு 45, 50க்குக் கிடைக்கும். பல இடங்களில் இந்த அறையைத் தளத்தில் போடுவதே இல்லை. 45 யூரோ அறைக்குக் கமிஷனும் கொடுத்தால் அவர்களுக்கு என்ன மிஞ்சும்? போன் போட்டால்தான் அது இருப்பதே தெரியும். பிரான்ஸில் இதற்கு நேர் எதிர். அங்கே அறைக்கு இவ்வளவு, ஒருவர் படுத்தாலும் இருவர் படுத்தாலும் கிட்டத்தட்ட அதே காசு. அதனால் ஜோடியாகப் போகிறவர்களுக்கு பிரான்ஸ் லாபம், தனியாளுக்கு ஜெர்மன் பேசும் ஊர்கள் லாபம்.

அடுத்தது, பேர்பெற்ற ஊரில் படுக்காதே. கோஹெம் கோட்டையை நன்றாகப் பார், படம் எடு, கிளம்பிவிடு. மோசெல் ஓரமாகப் பத்துக் கிலோமீட்டர் தள்ளிப் போனால் திராட்சைத் தோட்டக்காரர்கள் வீட்டிலேயே அறை விடுகிறார்கள். வாசலில் இலைக்கொத்து கட்டியிருந்தால் அங்கே சொந்த ஒயினும் குளிர்ந்த சாப்பாடும் உண்டு. வருடத்தில் நாலு மாதம் வரை அப்படிக் கடை விரிக்க அவர்களுக்கு அனுமதி. வண்டியைப் பூட்டிவிட்டு அப்புறம் குடி. பைக்கில் வந்தவன் என்று ஒயின் ஊற்ற யாரும் தயங்க மாட்டார்கள், நாம்தான் தயங்க வேண்டும்.

கடைசியாக, மாலை 5 மணி. அதற்குமேல் ஒரு கணவாய்கூட ஏறாதே. ஐந்து மணிக்குப் போய்க் கேட்கிறவனிடம் பேரம் பேசும் தெம்பு இருக்கும். எட்டரை மணிக்கு நனைந்துபோய் நிற்பவன் என்ன விலை சொன்னாலும் கொடுப்பான். நானே கொடுத்திருக்கிறேன். இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் மேலே 2,757 மீட்டரில் ஆலங்கட்டி மழை. 48 கொண்டை ஊசி வளைவையும் நடுங்கிக்கொண்டே இறங்கி, அடிவாரத்தில் முதலில் கண்ணில் பட்ட ஹோட்டலில் 128 யூரோ. மறுநாள் காலை பத்து நிமிடம் ஓட்டினேன். குளூர்ன்ஸ் என்று மதில் சூழ்ந்த குட்டி ஊர். அங்கே ஒரு வீட்டு ஜன்னலில் "ஸிம்மர் ஃப்ராய்" (அறை காலி) பலகை, 42 யூரோ. அந்தப் பலகையை நின்று முறைத்துவிட்டுப் போனேன்.

மழைக்கோட்டு:

செப்டம்பர் என்றீர்களே, அதிலேயே பாதி ஜெயித்துவிட்டீர்கள். ஆகஸ்டில் ஆகஸ்ட் 15 ஒட்டிய வாரம் இத்தாலி மொத்தமும் வீட்டைப் பூட்டிக்கொண்டு மலைக்கும் கடலுக்கும் போய்விடும். அந்த வாரம் நாங்கள் இரண்டு பேர் ஒரு பெட்ரோல் பங்க் பின்னால் உட்கார்ந்தே விடிய வைத்தோம். அதைப் பற்றி இனிமேல் பேச மாட்டேன்.

கூடாரக்காரி:

லியோனில் இருக்கிறேன், சுஸுகி வி-ஸ்ட்ரோம் 650, பெரும்பாலும் தனியாகத்தான் ஓட்டுகிறேன். வளைவுநேசன் அண்ணா பிரான்ஸை ஒரே வரியில் முடித்துவிட்டதால் நான் எழுத வேண்டியதாகிவிட்டது.

தனியாளுக்கு பிரான்ஸில் முதல் கதவு முனிசிபல் கேம்பிங். ஊராட்சியே நடத்துவது. நீச்சல் குளம், டிஸ்கோ எதுவும் இருக்காது. புல், மரம், கழிப்பறை, வெந்நீர், அவ்வளவுதான். ஒரு ஆள், ஒரு டென்ட், ஒரு பைக்குக்கு 10 முதல் 15 யூரோ கொடுத்துப் பழக்கம். ஒரு எச்சரிக்கை: மலைப்பக்கத்தில் செப்டம்பர் 15 வாக்கில் பலவற்றை மூடிவிடுவார்கள். அதனால் தேதியைப் பாருங்கள்.

இரண்டாவது ஜீத் தெத்தாப். நடைப்பயணிகளுக்கான விடுதி. நாலு, ஆறு கட்டில் கொண்ட பொது அறை. பைக்கில் வந்தவர்களையும் பெரும்பாலும் சேர்த்துக்கொள்வார்கள். "தெமி பான்ஸியோன்" என்று கேளுங்கள். ராத்திரிச் சாப்பாடு, படுக்கை, காலை உணவு மூன்றும் சேர்த்து 50 யூரோ சுற்றி வரும். மலை ஊரில் வெளியே சாப்பிட்டாலே 25 போய்விடும் என்பதால், கணக்குப் போட்டால் படுக்கையும் காலை உணவும் சேர்த்தே 25தான். ஒரே மேசையில் பத்துப் பேரோடு உட்கார்ந்து, பெரிய சட்டியில் இருந்து ஆளாளுக்கு அள்ளிப் போட்டுக்கொள்வோம். எனக்கு அதுதான் பயணத்திலேயே பிடித்த நேரம். சென்ற முறை என் எதிரே இருந்த பாட்டிக்கு எழுபது இருக்கும், கால்நடையாக ஆல்ப்ஸைத் தாண்டிக்கொண்டிருந்தார். நான் பைக்கில் வந்தேன் என்று சொல்லவே கூச்சமாக இருந்தது.

மூன்றாவது பலருக்குத் தெரியாது: "ஸுவாரே எத்தாப்". வேலை விஷயமாக ஊர் ஊராகச் சுற்றும் விற்பனையாளர்கள், மெக்கானிக்குகளுக்காகச் சின்னக் குடும்ப ஹோட்டல்கள் வார நாட்களில் கொடுக்கும் சலுகை விலை. அறை, இரவுச் சாப்பாடு, காலை உணவு எல்லாம் ஒரே தொகையில். சுற்றுலா ஊர்களில் கிடைக்காது. சுற்றுலாவே இல்லாத ஊர்களில், திங்கள் முதல் வியாழன் வரை கேட்டுப் பாருங்கள். ஜூராவில் எனக்கு இரண்டு முறை கிடைத்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் சிவப்பும் நீலமுமாக வட்டப் பலகை பார்த்தால் அது லாரிக்காரர்கள் சாப்பிடும் ருத்தியே. 1934இல் இருந்து இருக்கிற வழக்கம். சாப்பாடு மலிவு, வயிறு நிறையும், சிலவற்றில் மாடியில் அறையும் உண்டு. லாரிகள் வரிசையாக நிற்கிற இடத்தில் சாப்பாடு கெட்டுப்போயிருக்காது என்பது நம்மூர் ஹைவேயிலும் உண்மைதானே.

அடுப்பு கொண்டுபோகிறவர்களுக்கு: திருகு வைத்த கேஸ் டப்பா பிரான்ஸ் கிராமக் கடைகளில் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். அங்கே அதிகம் இருப்பது காம்பிங்காஸ் என்ற பிராண்டின் அழுத்திப் பூட்டும் வகை. டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, அடுப்பில் உட்காராமல், நான் ஒரு ராத்திரி ரவையைக் குளிர்ந்த பாலில் ஊறவைத்துத் தின்றேன். 10 யூரோவுக்கு அடாப்டர் விற்கிறது, வாங்கிவிடுங்கள்.

வடக்குக்காற்று:

எதற்கு இவ்வளவு கணக்கு? கண்ட இடத்தில் டென்ட் அடியுங்கள். நார்வேயில் மூன்று வாரம் சுற்றினேன், படுக்கைக்கு ஒரு காசு கொடுக்கவில்லை. இயற்கை எல்லோருக்கும் பொது.

வளைவுநேசன்:

நார்வேயில் பொது. 1957இல் சட்டமே போட்டுவிட்டார்கள். ஆள் இருக்கிற வீட்டில் இருந்து 150 மீட்டர் தள்ளி, ஒரே இடத்தில் இரண்டு இரவு வரை அடிக்கலாம். ஆனால் அந்த உரிமை காலால் நடக்கிறவனுக்கு. வண்டியைச் சாலையை விட்டுப் புல்வெளிக்குள் இறக்கினால் அங்கேயும் குற்றம்தான். ஸ்காட்லாந்தில் 2003 சட்டம் கூடாரம் அடிக்க விடுகிறது, மோட்டார் வண்டிக்கு உரிமை கிடையாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஆஸ்திரியாவின் டிரோலில் கேம்பிங்குக்கு வெளியே டென்ட் அடிப்பதே தடை. குரோவேஷியாவில் அபராதம் தீட்டுவார்கள்.

தம்பி போகிற பாதைக்கு வருகிறேன். பொனெத் கணவாய்ப் பக்கம் மெர்காந்தூர் தேசியப் பூங்கா. அங்கே மாலை 7 முதல் காலை 9 வரை சின்ன டென்ட் அடிக்கலாம். ஆனால் சாலையில் இருந்தோ பூங்கா எல்லையில் இருந்தோ ஒரு மணி நேரம் நடந்த பிறகுதான். பைக் பூட்ஸோடு, ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு, ஒரு மணி நேரம் மலையேறு. வண்டி அனாதையாகச் சாலையோரம் நிற்கட்டும். பத்து யூரோவை மிச்சம் பிடிக்க இது தேவையா?

வடக்குக்காற்று:

சரி, நார்வே மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அங்கேயும் மழை பெய்தால் கேம்பிங்கில் இருக்கும் மரக் குடில்தான் எடுத்தேன் என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அடுக்குக் கட்டிலில் நாலு படுக்கை, ஒரு மின் அடுப்பு, ஒரு ஹீட்டர். ஸ்லீப்பிங் பேக் நாம்தான் கொண்டுபோக வேண்டும். ஈர ஜாக்கெட்டை ஹீட்டர் மேலே தொங்கவிட்டால் காலையில் அறை முழுக்க நாய் நாற்றம், ஜாக்கெட் மட்டும் மொறுமொறு. "ஒரு காசு கொடுக்கவில்லை" என்பதை வாபஸ் வாங்குகிறேன்.

பேர்ன்வாசி:

வணக்கம். சுவிஸைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை, ஏனென்றால் விலையைக் கண்டு எல்லாரும் பயந்து ஓடுகினம் போல. நான் இங்கே வந்து 30 வருடம் கடந்துவிட்டது. எங்கள் ஆட்களில் பைக் ஓடுகிறவர்கள் இப்ப கனபேர், என்ர மகனும்தான்.

சுவிஸ் கணவாய்களை ஓடுங்கள், படுக்கைக்கு எல்லைக்கு வெளியே போங்கள். ஸிம்ப்ளோன் கணவாய்க்குக் கீழே இத்தாலிப் பக்கம் தோமோதொஸ்ஸோலா. ஷ்ப்ளூகன், மலோயா இரண்டும் வந்து இறங்கும் இடம் கியாவென்னா, அதுவும் இத்தாலி. கிழக்குப் பக்கம் என்றால் ஆஸ்திரியாவின் நவ்டர்ஸ். ஒரு கணவாய் ஏறி இறங்கினால் அறை விலை பாதியாகிவிடும், கோப்பியும் நல்ல கோப்பியாக இருக்கும். மோட்டார்வேயில் ஏறினால் 40 பிராங்க் விக்னெட் (சுங்கக் கட்டணச் சீட்டு) கட்டாயம். காருக்கும் பைக்குக்கும் ஒரே விலை, ஒரு நாளைக்கு என்று தனியாக விற்க மாட்டார்கள். மோட்டார்வேயைத் தொடாமல் போனால் அந்தக் காசும் மிச்சம். பைக்கில் வந்துவிட்டு மோட்டார்வேயில் என்ன பார்க்கப் போகிறீர்கள்?

கட்டாயம் சுவிஸுக்குள் படுக்க வேண்டுமென்றால் பண்ணைகளில் வைக்கோலில் படுக்கலாம். பகிடி இல்லை. மாட்டுக்கொட்டிலுக்கு மேலே வைக்கோல் பரப்பிய பரண், உங்கள் ஸ்லீப்பிங் பேக், விடிய அவர்கள் வீட்டுப் பாலும் பாணும் வெண்ணெயும். கீழே மாடு இருப்பதால் சூடு தானாக மேலே வரும். மகன் போய்வந்து ஒரு கிழமையாக அவன் தலையில் இருந்து வைக்கோல் விழுந்தது. தும்மல் வருத்தம் இருக்கிறவர்கள் போகாதீர்கள்.

தம்பி, நீங்கள் பேர்ன் தாண்டித்தானே கருங்காட்டுக்குப் போக வேண்டும். அந்த இரவு எங்கள் வீட்டில் நில்லுங்கோ. கராஜ் இருக்கு. தனிமடல் போடுங்கோ.

ஒற்றைச்சிலிண்டர்:

அண்ணா, படித்ததும் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. கட்டாயம் மடல் போடுகிறேன்.

இன்னும் இரண்டு கேள்வி. ஒன்று, வண்டிப் பாதுகாப்பு. இரண்டு, முன்பதிவே செய்யாமல் போவது சரியா? என் மனைவி இதைப் படித்துக்கொண்டிருக்கிறாள், அவளுக்கும் பதில் வேண்டும்.

கூடாரக்காரி:

வண்டிக்கு: பெரிய நகரத்தில் படுக்காதீர்கள். அதுவே பாதிப் பாதுகாப்பு. என் வண்டியைக் களவாட முயன்றது ஒரு கடலோர நகரத்தில், நல்ல வெளிச்சமான தெருவில், ஹோட்டல் வாசலுக்கு நேரே. ஸ்டியரிங் லாக்கை உடைத்துவிட்டார்கள், டிஸ்க் லாக் இருந்ததால் நகர்த்த முடியவில்லை. கிராமத்தில் அறை கேட்கும்போதே "வண்டியை எங்கே விடலாம்" என்று கேட்டுவிடுங்கள். டிராக்டர் கொட்டகை, மரக்கட்டை அடுக்கும் இடம், ஒருமுறை கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில்கூட விட்டிருக்கிறேன். காலையில் சீட்டில் முட்டை இல்லை, வேறு ஒன்று இருந்தது.

கேம்பிங்கில் ஈர மண்ணில் சைடு ஸ்டாண்ட் மெதுவாக இறங்கும். ராத்திரி இரண்டு மணிக்கு "தொப்" என்று சத்தம் கேட்டு எழுந்தால் வண்டி படுத்திருக்கும். ஒரு தட்டையான பலகைத் துண்டு போதும், சிலர் நசுக்கிய பீர் கேன் வைக்கிறார்கள்.

மழைக்கோட்டு:

முன்பதிவு விஷயத்தில் நான் எதிர்க்கட்சி. "போய்க் கேட்டால் கிடைக்கும்" என்று சொல்கிறவர்கள் எல்லோரும் ஜெர்மனோ பிரெஞ்சோ சரளமாகப் பேசுகிறவர்கள். வாய் திறந்தால் இங்கிலீஷ் மட்டும் வருகிறவனுக்கு, அதுவும் கறுப்புத் தோலோடு, கறுப்பு ஜாக்கெட்டும் ஹெல்மெட்டுமாக மாலை ஆறு மணிக்குக் கிராமத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறவனுக்கு, எல்லாக் கதவும் ஒரே மாதிரி திறக்காது. "அறை இல்லை" என்று சொன்ன வீட்டில் பத்து நிமிடம் கழித்து வேறொரு ஜோடி பெட்டியோடு நுழைந்ததை நான் பார்த்திருக்கிறேன். தளத்தில் பதிவு செய்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. என் பெயரைப் பார்த்துதான் பதிவு உறுதியாகியிருக்கிறது. அதற்குக் கூடுதலாகப் போகும் 20 யூரோ எனக்கு மன நிம்மதிக்கான விலை.

வளைவுநேசன்:

இதை மறுக்க மாட்டேன். எனக்கும் நடந்திருக்கிறது. 20 வருடத்தில் மூன்று நாலு முறை, ஆனால் ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்கிறது. ஹெல்மெட்டையும் கழுத்துத் துணியையும் வண்டியிலேயே கழற்றிவிட்டு, முகம் தெரியப் போய் நிற்பது என் பழக்கம். வாக்கியம் ஒன்றுதான்: "ஹாபென் ஸீ ஐன் ஸிம்மர் ஃப்ராய், ஃப்யூர் ஐனெ நாஹ்ட்?" (ஒரு ராத்திரிக்கு அறை இருக்கிறதா?) இல்லை என்றால் "வேறு யாரிடம் இருக்கும்?" என்று கேட்பேன். பலமுறை அவர்களே போனை எடுத்து மச்சினி வீட்டுக்குப் பேசி அனுப்பியிருக்கிறார்கள்.

நடுவழி ஒன்று உண்டு. காலை உணவின்போது அன்றைக்கு ராத்திரிக்கு எங்கே என்று முடிவு செய். வானிலையைப் பார், உடம்பைப் பார். மதியம் சாப்பிட நிற்கும்போது இரண்டு இடத்துக்குப் போன் போடு. கிடைக்காவிட்டால் தளத்தில் பதிவு செய்துகொள். சனிக்கிழமை ராத்திரி மட்டும் ஒரு வாரம் முன்பே பிடித்துவிடு, கல்யாணக் கோஷ்டிகள் அறைகளை அள்ளிக்கொண்டு போய்விடும். 12 இரவையும் முன்கூட்டியே கட்டிவிட்டால், மழை பெய்யும் கணவாயை நீ ஏறியே ஆக வேண்டும். காசு போகிறதே என்று ஏறுவாய். அங்கேதான் ஆபத்து.

ஜெர்மனியில் திங்களோ செவ்வாயோ பல காஸ்ட்ஹோஃப்களுக்கு விடுமுறை. "ரூஹெடாக்" என்று அட்டை தொங்கும். ஞாயிற்றுக்கிழமை கடைகளும் மூடல். அப்புறம் கேம்பிங்குகளில் மதியம் 1 முதல் 3 வரை ஓய்வு நேரம், தடுப்புக் கட்டையை இறக்கிவிடுவார்கள். எவ்வளவு கெஞ்சினாலும் மோட்டார் உள்ளே போகாது. கையில் ரொக்கம் வைத்துக்கொள், அட்டை எடுக்காத இடம் இன்னும் நிறைய. தலைக்கு ஒன்றிரண்டு யூரோ சுற்றுலா வரி தனியாகக் கேட்பார்கள், ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்காதே.

சைவச்சக்கரம்:

சாப்பாட்டோடு சேர்த்துத் தங்குகிற யோசனை சைவர்களுக்குச் சிக்கல். ஜீத்தில் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும், போய் உட்கார்ந்தபின் சொன்னால் இறைச்சியை ஓரமாக ஒதுக்கிவிட்டுத் தட்டை நீட்டுவார்கள். சவாய் பக்கம் தார்த்திஃப்லெத் என்று உருளைக்கிழங்கும் சீஸுமாக மணக்க மணக்க வரும். உள்ளே பன்றி இறைச்சித் துண்டு இருக்கும், ஏமாறாதீர்கள். ஜெர்மனியில் கேஸெஷ்பெட்ஸ்லெ (சீஸ் போட்ட நூடுல்ஸ் மாதிரி) இருக்கவே இருக்கிறது. நாலு நாள் அதையே தின்றபின் நான் புளிக்கு ஏங்கி அழுதேன். ஒரு சின்ன டப்பா எலுமிச்சை ஊறுகாய், பருப்புப்பொடி. டேங்க் பேகில் வையுங்கள், பக்கப்பெட்டியில் வேண்டாம், கைக்கு எட்டாது.

ஒற்றைச்சிலிண்டர்:

போய்வந்துவிட்டேன்! மூன்று வாரமாக எழுத வேண்டும் எழுத வேண்டும் என்று தள்ளிக்கொண்டே போய்விட்டது.

முதலில் கணக்கு. 12 இரவுக்கு 462 யூரோ. இதில் இரண்டு இடத்தில் ராத்திரிச் சாப்பாடும் அடக்கம். அதிகம் கொடுத்தது 64. தோனோனில் இறங்கும்போது மழை, மணி ஆறரை, மேற்கொண்டு பேச வேண்டாம். குறைவானது வோஜில் முன்ஸ்டேர் பள்ளத்தாக்கு கேம்பிங், 11. அங்கே வெந்நீருக்கு டோக்கன் போட வேண்டும். தலையில் ஷாம்பு இருக்கும்போது தண்ணீர் நின்றது. டோக்கன் பாண்ட் பாக்கெட்டில், பாண்ட் வெளியே கொக்கியில். பக்கத்து அறையில் ஒரு ஜெர்மன்காரர் சிரித்துக்கொண்டே கதவுக்கு மேலாகத் தன் டோக்கனை நீட்டினார். கை மட்டும்தான் தெரிந்தது. மறுநாள் காலை யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல் எல்லோருக்கும் வணக்கம் வைத்தேன்.

இசெரான் (2,764 மீட்டர்) மேலே வெயில், கீழே லான்ஸ்ல்பூர் இறங்கும்போது குளிர்காற்று. அங்கே ஜீத், 48 யூரோ, மூன்று வேளைக்கு இரண்டு வேளை அதிலேயே முடிந்தது. ஆறு பேர் அறையில் மூன்று பேர் குறட்டை, நான் நாலாவது என்று காலையில் சொன்னார்கள். பொனெத்துக்கு முந்தின ராத்திரி ஜோஸியேயில் படுத்ததால் காலை எட்டு மணிக்கே மேலே போய்விட்டேன். ஒரு கார் இல்லை, மர்மோத் என்ற மலை அணில் மட்டும் விசில் அடித்துக்கொண்டிருந்தது. மாந்தோனில் படுக்கவில்லை. 20 கிலோமீட்டர் முன்னாலேயே சோஸ்பெலில் டென்ட், 14 யூரோ. காலையில் வெறும் ஆளாக இறங்கிக் கடலில் கால் நனைத்துவிட்டு வந்தேன்.

பேர்ன் இரவைப் பற்றி எழுதினால் அண்ணர் கோபிப்பார். ஒன்று மட்டும் சொல்கிறேன்: ஒன்பது நாள் கழித்து இடியப்பமும் சொதியும். நான் கொண்டுபோன சாக்லேட்டை அக்கா வாங்கவே இல்லை, "சுவிஸுக்குச் சாக்லேட் கொண்டுவந்த முதல் ஆள் நீங்கள்தான்" என்றார்.

கடைசி இரவு கருங்காடு. திங்கட்கிழமை. வளைவுநேசன் அண்ணா சொன்னது மூளையில் எங்கேயோ இருந்தது, கையில் இல்லை. மூன்று ஊர், மூன்று காஸ்ட்ஹோஃப், மூன்று ரூஹெடாக் அட்டை. ஏழு மணி ஆகிவிட்டது. நாலாவது ஊரிலும் அட்டை தொங்கியது, ஆனால் பின்பக்கம் ஒரு ஜன்னலில் விளக்கு. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் போய்த் தட்டினேன். கையில் துடைப்பத்தோடு ஒரு அம்மா. மனப்பாடம் செய்த வாக்கியத்தை ஒப்பித்தேன். அவர் நீளமாக ஏதோ சொன்னார், எனக்குப் புரிந்தது "குயிஷே" என்ற ஒரே வார்த்தை. சமையலறை இல்லை என்கிறார். அறை? தலையாட்டினார். 49 யூரோ, மாடி மூலை, சாய்ந்த கூரை. எழுந்தபோது தலை இடித்தது. சாப்பாட்டுக்கு என்னிடம் இருந்தது ரொட்டி நாலு துண்டு, எலுமிச்சை ஊறுகாய். சைவச்சக்கரம், நீங்கள் நல்லா இருக்க வேண்டும். கீழே இறங்கித் தண்ணீர் கேட்டபோது அந்த அம்மா என் தட்டை எட்டிப் பார்த்தார், உள்ளே போய் ஒரு வேகவைத்த முட்டையும் ஒரு துண்டு வெண்ணெயும் கொண்டுவந்து வைத்தார். ஊறுகாயை முகர்ந்து பார்த்துவிட்டு ஒரு துளி நாக்கில் வைத்தார். அந்த முகத்தை உங்களுக்குக் காட்ட வேண்டுமே.

மழைக்கோட்டு சொன்னதும் நடந்தது. ஒரு இடத்தில், எந்த நாடு என்று சொல்லவில்லை, வெளியே "அறை உண்டு" பலகை இருக்க, "இல்லை" என்றார்கள். திரும்பி வண்டியை எடுக்கும்போது கை கொஞ்சம் நடுங்கியது. அன்றைக்குத் தளத்தில்தான் பதிவு செய்தேன், 60.

மழைக்கோட்டு:

எதிர்பார்த்ததுதான். ஆனாலும் நீங்கள் மறுபடி ஒரு கதவைத் தட்டினீர்களே. நான் அதற்கப்புறம் தட்டுவதை விட்டுவிட்டேன்.

வளைவுநேசன்:

தலை இடித்ததா? நல்லது. இனிமேல் நீயும் எங்கள் ஆள்.

தொடுவானம்:

இழை முழுவதும் படித்தேன், நன்றி. நானும் இதே பாதையில் மே மாதம் முதல் வாரம் போகலாம் என்று இருக்கிறேன். விமானத்தில் வந்து வாடகை வண்டி. விசாவுக்குத் தங்குமிடப் பதிவு காட்டச் சொல்கிறார்கள், அப்படியானால் எல்லா இரவும் பதிவு செய்தே ஆக வேண்டுமா?

கூடாரக்காரி:

விசாவுக்குக் காட்டத்தான் வேண்டும். இலவசமாக ரத்து செய்யும் வசதியுள்ள அறைகளாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள், திட்டம் மாறினால் கெடுத் தேதிக்கு முன்னால் மாற்றிக்கொள்ளலாம். அதைவிடப் பெரிய விஷயம், மே முதல் வாரத்தில் இசெரானும் பொனெத்தும் பனியில் மூடிக் கிடக்கும். டிக்கெட் போட்டுவிட்டீர்களா?

தொடுவானம்:

போட்டுவிட்டேன்.

கூடாரக்காரி:

அப்படியானால் தெற்கே புரோவான்ஸ் பக்கம் வெர்தோன் பள்ளத்தாக்கு. தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.